முதலாவதா, இரண்டாவதா

கண்ணாடிக் கடையின் பின்புறம் இருந்த அந்தச் சின்ன அறையில் பகலும் அந்தி மாதிரிதான் இருக்கும். சன்னலுக்குக் கறுப்புத் திரை. எதிர்ச் சுவரில் வெளிச்சமிட்ட எழுத்துப் பலகை. நடுவில் ஒரு நாற்காலி. கடை வாசலில் எவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிறவர்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அவள் அங்கே கண் பார்ப்பவள். கனமான வட்டச் சட்டத்தை வந்தவரின் மூக்கில் மாட்டிவிட்டு, பெட்டியிலிருந்து லென்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து அதில் சொருகுவாள். கடைசியில் கைப்பிடி வைத்த ஒரு சிறு லென்ஸைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டிக் கேட்பாள். நாள் முழுக்க அதே கேள்விதான்.

"முதல்ல காட்டினது தெளிவா இருக்கா, ரெண்டாவதா?"

அன்று காலை வந்தவர் பக்கத்துத் தெருத் தையல்காரம்மா. ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். பாதி வரைக்கும் பட்டுப் பட்டென்று பதில் சொல்லிக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் தடுமாறிவிட்டார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்மா. தப்பாச் சொல்றேனோ? இன்னொரு தடவை காட்டு, சரியாச் சொல்லிடறேன்."

"தப்பே இல்லைக்கா. ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா, வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"அட! நான் பரீட்சையில கோட்டை விட்டுட்டேன்னு நினைச்சேன்."

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அதனால் சிலர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். எதைக் காட்டினாலும் "ரெண்டாவது" என்று சொல்லிவிடுவது. அது பொய் இல்லை. பின்னால் கேட்டது காதில் கொஞ்ச நேரம் நிற்கிறது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களுக்கென்று அவளிடம் ஒரு சோதனை உண்டு. லென்ஸை முழுச் சுற்றுச் சுற்றி, அதே பக்கத்தையே மறுபடியும் காட்டுவாள். "ரெண்டாவதுதான் பளிச்சுனு இருக்கு" என்பார்கள். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்வாள்.

அந்த மாதிரி ஆசாமி ஒருவரை அவள் கல்யாணமே செய்துகொண்டிருந்தாள்.

அவர் பஸ் டிப்போவில் எஞ்சின் மெக்கானிக். அதிர்ந்து பேசாதவர். கல்யாணமான புதிதில் ஒருநாள், "டீயா, காபியா?" என்று கேட்டாள். "காபி" என்றார். மறுநாள் வாய் தவறி, "காபியா, டீயா?" என்று வந்துவிட்டது. "டீ" என்றார். படித்தது அறிவியல் என்பதால் அவளால் அதைச் சும்மா விட முடியவில்லை. மீனா முட்டையா, நடந்து போகலாமா பஸ்ஸிலா, இந்தச் சட்டையா அந்தச் சட்டையா என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். முடிவு மாறவே இல்லை. எது பின்னால் வருகிறதோ அது.

அதன் பிறகு அவள் எது நல்லதென்று நினைத்தாளோ அதை இரண்டாவதாக வைத்தாள். சில நேரம் தனக்கு வேண்டியதை. பல நேரம் அவருக்குப் பிடிக்கும் என்று தோன்றியதை. அதை ஒரு தந்திரம் என்று அவள் நினைக்கவில்லை. பேசவே கூச்சப்படும் இரண்டு பேர் ஒரு வீட்டை நடத்த ஏதாவது ஒரு ஏற்பாடு வேண்டும் இல்லையா? வாடகைக்கு வீடு பிடித்தது, திரைச்சீலை வாங்கியது, அலமாரியை எந்தச் சுவரோரம் போடுவது என்பது, எல்லாமே அப்படி முடிவானவைதான். ஒரு சண்டை வந்ததில்லை. அவள் தம்பிகூடக் கிண்டல் செய்வான்: "உங்க வீட்டுல டிவியைப் போட்டாத்தான் அக்கா மனுஷக் குரலே கேக்குது."

இப்போது வந்திருந்தது அலமாரி விஷயம் இல்லை.

பஸ்ஸில் அரைநாள் தூரத்தில் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு சிற்றூர். அங்கே இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் பயணிப் படகுக்கு எஞ்சின் பார்க்க ஆள் தேவை. படகுத்துறை மேலாளர் ஒரு காலத்தில் டிப்போவில் அவரோடு வேலை பார்த்தவர். குடியிருக்க வீடும் தருகிறோம், திங்கட்கிழமை காலையில் போன் பண்ணுவேன், ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றிருந்தார். ஆமாம் என்றால் டிப்போ வேலையை விட வேண்டும். விட்டால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. அவளும் இந்த அறையை விட்டுப் போக வேண்டும். அந்த ஊரில் கண்ணாடிக் கடை இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

"நீயே சொல்லு" என்றார் அவர், வழக்கம்போல.

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"இங்கேயே இருந்துடலாமா, இல்ல, போயிடலாமா?"

"போயிடலாம்."

ஒரு துண்டை மடித்து வைக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுச் சாமான்கள் எல்லாம் தண்ணீரில் மிதப்பவை போலத் தோன்றின. நாற்காலி ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம். அவர் கடைகளில் காலி அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி வந்து மூலையில் அடுக்கினார். அவள் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். தையல்காரம்மா எழுந்து போன பிறகு, லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு மட்டும் கேள்வியைத் திருப்பிப் போட்டிருந்தால், "இருந்துடலாம்" என்றிருப்பார். துண்டு அப்போதும் மடிந்திருக்கும். அலமாரியின் மேல்தட்டில் அது உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் இதை முடிவு செய்தது யார்?

அவர் இல்லை. நான்தானா என்று யோசித்துப் பார்த்தாள். போவதை ஏன் பின்னால் வைத்தோம்? தனக்கு வேண்டும் என்றா, அவருக்கு வேண்டும் என்றா? ஒன்றும் பிடிபடவில்லை. கேட்கும்போது வாயில் வந்த வரிசை அது, அவ்வளவுதான்.

முதலாளி கதவைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இருட்டுல உக்காந்து தவம் பண்றே? நீ போனப்புறம் இந்த ரூமை என்ன பண்றதுன்னு நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வாசல்ல ஒரு போர்டு மாட்டிட வேண்டியதுதான். 'இங்கு கண்ணாடி கிடைக்கும், கண் கிடைக்காது.'"

"இன்னும் முடிவாகலை அண்ணே."

"முடிவாகலையா? உன் வீட்டுக்காரர் நேத்துத்தான் என்கிட்ட நாலு அட்டைப்பெட்டி வாங்கிட்டுப் போனார்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"அண்ணே, சனிக்கிழமை மதியத்துக்கு மேல ஆள் வர மாட்டாங்கல்ல? அவரைக் கொஞ்சம் வரச் சொல்றேன். தலைவலின்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கார்."

"தாராளமா. சொந்தப் புருஷனுக்கு இன்னும் கண்ணு பாக்கலையா நீ? நல்ல ஆளுதான் போ."

அது உண்மை. ஊருக்கெல்லாம் பார்த்தவள் அவரை ஒருநாளும் அந்த நாற்காலியில் உட்காரவைத்ததில்லை. ஏனோ ஒரு கூச்சம்.

சனிக்கிழமை மதியம் அவர் வந்தார். கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தும் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. அறைக்குள் நுழையும்போதே குனிந்தார், கதவு உயரமாகத்தான் இருந்தது.

"டாக்டரம்மா, வலிக்குமா?"

"உக்காருங்க."

சட்டத்தை மாட்டிவிட்டாள். அவர் முகம் சட்டென்று வேறு யாருடைய முகமோ ஆனது. எல்லோர் முகமும் அப்படி ஆகும். விளக்கை அணைத்தாள். பலகை மட்டும் சுவரில் ஒரு சன்னல் போல வெளிச்சமாக நின்றது.

முதலில் எல்லோருக்கும் செய்வதைத்தான் செய்தாள். இரண்டு கண்ணுக்கும் கனமான லென்ஸைப் போட்டுப் பார்வையை மங்கவைத்தாள்.

"ஐயோ, எல்லாம் பஞ்சு பஞ்சாப் போயிடுச்சே."

"போகட்டும். கண்ணைச் சுருக்காதீங்க. சும்மா இருங்க."

"எதுக்கு இது?"

"கண்ணு எப்பவும் கஷ்டப்பட்டுப் பாத்துப் பழகிடும். கஷ்டப்படுற கண்ணு உண்மையைச் சொல்லாது. அதை முதல்ல ஓய்வா விடணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிவாக்கணும்."

அவர் சும்மா இருந்தார். அவருக்கு அது நன்றாக வந்தது. அவள் மெல்ல மெல்ல லென்ஸ்களை மாற்றினாள். வரி வரியாக எழுத்துகள் மேலெழுந்து வந்தன. பிறகு கைப்பிடி லென்ஸை எடுத்தாள்.

"முதல்ல காட்டினதா?" திருப்பினாள். "ரெண்டாவதா?"

"ரெண்டாவது."

மாற்றிக் காட்டினாள். "ரெண்டாவது." இன்னொரு கண்ணுக்கும் அதே பதில்.

அவள் லென்ஸை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, காட்டிய பக்கத்தையே மறுபடியும் காட்டினாள்.

"ரெண்டாவது" என்றார்.

முன்னால் கடையில் முதலாளி யாரிடமோ, இந்தச் சட்டம் உங்க மூக்குக்குன்னே செஞ்சது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒரே கண்ணாடிங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"இப்பக் காட்டினது ரெண்டும் ஒண்ணுதான். அது தெரியாதா எனக்கு? எஞ்சின் சத்தத்துல ஒரு நூல் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவன் நான்."

"பின்ன ஏன் ரெண்டாவதுன்னு சொன்னீங்க?"

அவர் மூக்கின் மேல் அந்தப் பெரிய சட்டத்தோடு அவள் பக்கம் திரும்பினார். லென்ஸ்களுக்குப் பின்னால் கண்கள் பெரிதாக, மீன்கள் போல நின்றன.

"நீ கேக்கறப்போ ரெண்டாவதுக்கு உன் குரல் கொஞ்சம் இறங்கும். உனக்கு வேணுங்கறதைத்தான் நீ அப்படிக் கேப்பே. அதான் அதையே சொல்லிடறது."

அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"எப்போலேர்ந்து?"

"கல்யாணமான புதுசுலேர்ந்தே. டீ, காபின்னு மாத்தி மாத்திக் கேட்டியே, அப்பவே புரிஞ்சுது. இந்தப் பொண்ணு வாயைத் திறந்து எனக்கு இது வேணும்னு சொல்லாது, இப்படித்தான் சொல்லும்போலன்னு."

"அய்யோ, நான் உங்களைச் சோதனை பண்ணிக்கிட்டு இருந்தேங்க!"

"என்னையா?"

"நீங்க எப்பவும் ரெண்டாவதைத்தான் சொல்றீங்கன்னு கண்டுபிடிச்சேன். அதுக்கப்புறம் உங்களுக்குப் பிடிச்சதா இருக்கும்னு தோணறதை ரெண்டாவதா வைக்க ஆரம்பிச்சேன்."

அவர் மூக்கின் மேல் சட்டத்தைச் சரிசெய்துகொண்டார். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ அந்த மஞ்சள் திரைச்சீலை?"

"உங்களுக்கு மஞ்சள் பிடிக்கும்னு நினைச்சேன். உங்ககிட்ட மஞ்சள் சட்டை ஒண்ணு இருந்துது."

"அது டிப்போவுல கொடுத்தது! எனக்கு மஞ்சளைக் கண்டாலே தலைவலி வரும்."

"எனக்கும் பிடிக்காதுங்க."

"ஆக, யாருக்குமே பிடிக்காத திரையைத் தொங்கவிட்டு அதுக்குப் பின்னால குடித்தனம் பண்றோம்."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சட்டம் மூக்கிலிருந்து நழுவியது, பிடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் அந்த அரையிருட்டில் இன்னொரு விஷயம் மெதுவாக எழுந்து வந்தது. இருவருக்கும் ஒரே நேரத்தில்.

"படகு" என்றாள்.

"ஆமா."

"நீங்க போகணும்னு ஆசைப்படறீங்களோன்னு…"

"நீ போகலாமாங்கறதைப் பின்னால வச்சே. குரலும் இறங்குச்சு. சரி, பாவம், இந்த இருட்டு ரூம்லயே கிடக்கே, காத்து வேணும்போலன்னு நான்…"

"அட்டைப்பெட்டி வேற வாங்கியாச்சு."

"முதலாளிகிட்ட நாலு. மளிகைக் கடையில ஆறு."

ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுத்து, யாருமே கையில் பிடிக்காமல் ஒரு பெரிய கனமான பொருள் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. திங்கட்கிழமை காலையில் அது கீழே போய்ச் சேர்ந்துவிடும்.

"சரி. இப்பக் கேளு" என்றார் அவர். "போலாமா, வேண்டாமான்னு. இந்தத் தடவை நிஜமாச் சொல்றேன்."

அவள் தலையை ஆட்டினாள். "கேட்டா மறுபடியும் என் குரலைத்தான் பாப்பீங்க. இங்க வர்றவங்களுக்கு ரெண்டாவதுதான் பழக்கம்னு தெரிஞ்சுட்டா, நான் அப்படிக் கேக்கறதை நிறுத்திடுவேன். எது நல்லா இருக்குன்னு கேக்க மாட்டேன். என்ன தெரியுதுன்னு கேப்பேன்."

கனமான லென்ஸ்களை மறுபடியும் அவர் கண்ணுக்கு முன்னால் போட்டாள். பலகை கரைந்து ஒரு வெளிச்சத் திட்டாகியது.

"அந்த ஊர்ல ஒரு சாதாரண நாள். செவ்வாய்க்கிழமைன்னு வச்சுக்குங்க. நீங்க எழுந்துட்டீங்க. என்ன தெரியுது?"

அவர் வெகுநேரம் பேசவில்லை. அந்த நேரத்தைத் தாண்டிக் குதிக்க அவள் வாய் துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஈரமா இருக்கு" என்றார் கடைசியில். "மரப்பலகையில கால் வைக்கறேன். எஞ்சின் இன்னும் சூடாகலை. கை வச்சுப் பாக்கறேன். ஒரே ஒரு எஞ்சின். டிப்போவுல மாதிரி இல்ல. அங்க ஒண்ணு முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும், எது எதுன்னே தெரியாது. இது எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு. அது எப்போ இருமும், எப்போ தூங்கும்னு தெரியும். மேல வரேன். ரெண்டு பக்கமும் தண்ணி. யாரும் என்னைக் கூப்பிடலை."

அவர் குரல் அவளுக்குப் புதிதாக இருந்தது. பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல.

"நான் எங்க இருக்கேன்?"

"தேடறேன்" என்றார். "மங்கலா இருக்கு. உன்னைக் காணோம்."

அது அவளுக்கு வலிக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். வலிக்கவில்லை. அவர் தன் மனதை மறைக்காமல் பார்த்துச் சொல்கிறார் என்பதுதான் தெரிந்தது.

"இப்ப நீ உக்காரு" என்று எழுந்தார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அவள் அந்த அறையைப் பார்த்தே பல வருடங்கள் ஆகியிருந்தன. அவர் சட்டத்தை மாட்டிவிட்டு, பெட்டியிலிருந்து கைக்கு வந்த லென்ஸை எடுத்தார்.

"அது இல்லீங்க, அதுக்கு மேல் வரிசை. ஓரத்தைப் பிடிங்க, விரல் ரேகை விழும்."

"நோயாளி வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

எல்லாம் மங்கியது. சுவர் இல்லை, கதவு இல்லை. பால் கலந்த தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"என்ன தெரியுது?" என்றது அவர் குரல்.

"சமையலறை. தண்ணியோட வெளிச்சம் கூரையில ஆடுது. ரொம்ப அழகா இருக்கு. நீங்க கிளம்பிட்டீங்க. நான் பாத்திரம் கழுவிட்டேன். துணி காயப்போட்டுட்டேன்." நிறுத்தினாள். "அப்புறம் வெளிச்சம் ஆடிக்கிட்டே இருக்கு. அவ்வளவுதான் தெரியுது."

"வேற?"

"என் கை தெரியுது. அதுல ஒண்ணும் இல்லை."

அவர் சட்டத்தைக் கழற்றினார். இருவரும் கண்ணைக் கொட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள், பகல் தூக்கத்திலிருந்து விழித்தவர்கள் போல.

"இதை வச்சு முடிவு பண்ணிடலாமா?" என்றார்.

"கூடாது." இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "உக்காந்த இடத்துல நல்லாத் தெரியற கண்ணாடி, நடந்தா தரையை மேலயும் கீழயும் தூக்கும். அதனால மாட்டிவிட்டு, போய்த் தெருவுல நடந்துட்டு வாங்கன்னு அனுப்புவோம். படி ஏறி இறங்கச் சொல்லுவோம். நாம இப்போ உக்காந்துதான் பாத்திருக்கோம்."

"இன்னிக்கு ராத்திரி பஸ் ஏறினா விடியறப்போ அங்க இருக்கலாம்."

"போலாம்" என்றாள். யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

*

படகு பனிக்குள் கிளம்பியது. இக்கரை கொஞ்ச தூரத்திலேயே அழிந்துபோயிற்று. அக்கரை இன்னும் வரவில்லை. நடுவில் சாம்பல் நிறத் தண்ணீரும், மேல்தட்டுப் பெஞ்சுகளில் சால்வை போர்த்திய சில பயணிகளும், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவாறே தூங்கும் ஒருவரும் மட்டும். எஞ்சின் சத்தம் காதில் கேட்கவில்லை, உள்ளங்காலில் கேட்டது.

மேலாளர் அவரைக் கீழே எஞ்சின் அறைக்கு அழைத்துப் போயிருந்தார். அவள் மேலே உட்கார்ந்திருந்தாள். அக்கரை வந்ததும் இறங்கி, இருந்த ஒரே தெருவில் நடந்தாள். ஒரு மருந்துக் கடை. ஒரு பள்ளிக்கூடம். கயிறும் வலையும் விற்கும் கடை. தெரு முடிகிற இடத்தில் மறுபடியும் தண்ணீர். தருவதாகச் சொன்ன வீட்டையும் வெளியிலிருந்து பார்த்தாள். நீலக் கதவு. அவள் நினைத்திருந்ததைவிட எல்லாம் அழகாக இருந்தது. சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள், நிஜமாகவே கூரையில் வெளிச்சம் ஆடியது.

மருந்துக் கடைக்காரரிடம், "இந்த ஊர்ல கண்ணு பாக்கறவங்க யாராவது உண்டா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. தேவைப்பட்டா அக்கரைக்குப் போய் பஸ் பிடிச்சு டவுனுக்குத்தான் போவோம்."

அவள் அங்கே ஒரு கடை போடலாம் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். நினைப்பு பிடித்து நிற்கவில்லை. கடை நடத்த அவளுக்கு ஆசையில்லை. அவளுக்குப் பிடித்தது அந்த அறை, அந்த நாற்காலி, முன்னால் சத்தியம் செய்துகொண்டிருக்கும் முதலாளி, ஒருவர் எழுந்து போக இன்னொருவர் வந்து உட்காருவது. இந்த ஊர் அவளுக்குப் பிடித்திருந்தது, பக்கத்து வீட்டில் கேட்கும் பாட்டுப் பிடிப்பதுபோல. அதற்காக அந்த வீட்டில் போய்க் குடியேற வேண்டும் என்று தோன்றுவதில்லை.

திரும்பும் படகில் அவர் மேலே வந்தார். நெற்றியில் கறுப்பாக ஒரு கோடு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். பனி விலகி வெயில் வந்திருந்தது. தொண்டையைச் செருமினார்.

"எனக்கு இது வேணும்" என்றார்.

அந்த வார்த்தைகளை அவர் வாயில் அவள் கேட்டதே இல்லை. அவருக்கும் அவை புதிய செருப்பு மாதிரி கடித்திருக்க வேண்டும். முகம் சிவந்திருந்தது.

அவள் வாய்க்குள் "சரி, போயிடலாம்" என்று வந்து நின்றது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"எனக்கு என் ரூம் வேணுங்க" என்றாள். குரல் இறங்கவில்லை. கொஞ்சம் உடைந்தது, அவ்வளவுதான்.

எதிர்ப் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

"அப்போ என்ன பண்றது?" என்றார் அவர். "ஒண்ணு நான் விடணும், இல்ல, நீ விடணும்."

"இனிமே ஒண்ணு, ரெண்டுன்னு யாராவது கேட்டா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"உனக்குக் கோபம்லாம் வருமா?"

"இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது."

அவர் சிரிக்கவில்லை. "நீ இல்லாம இங்க தனியா இருக்கறது எனக்குப் பிடிக்கலை. சொல்லிட்டேன்."

"எனக்கும்தான் பிடிக்கலை. பிடிக்குதுன்னு யாரு சொன்னா?"

"பின்ன?"

"பிடிக்கலைங்கறதையும் சேத்து வச்சுக்கிட்டுத்தான் யோசிக்கணும். அதை ஒளிச்சு வச்சா மறுபடியும் மஞ்சள் திரைதான்."

அவர் எழுந்து போய்ப் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். படகு இக்கரையில் மெத்தென்று முட்டி நின்றபோது, அவர் இறங்கி நேராக மேலாளரிடம் போனார். அவள் பின்னால் போகவில்லை. தூரத்தில் நின்று பார்த்தாள். அவர் கைகளை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் கையை ஆட்டிப் பேசி அவள் பார்த்ததில்லை.

"நாளைக்கு போன் பண்ண வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்று வந்தார். "வரேன்னு இப்பவே சொல்லிட்டேன். ஆனா வாரக் கடைசியில நான் வீட்டுக்குப் போயிடுவேன், ஒப்புக்கிட்டா வரேன், இல்லாட்டி வேற ஆளைப் பாருன்னு சொன்னேன். திட்டினான். அப்புறம் சரின்னான். மழைக்காலம் முடியறவரைக்கும் இப்படி ஓட்டிப் பாப்போம். அப்புறம் உக்காந்து பேசுவோம். தப்பாப் போனா டிப்போ திரும்பக் கூப்பிடாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்." நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். பழக்கதோஷம், அதில் எதையோ தேடினார். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு நேராகவே கேட்டார். "உனக்கு எப்படித் தெரியுது?"

அவள் யோசித்தாள். சாயங்காலங்களில் பூட்டைத் திறந்து தான் மட்டும் உள்ளே போவது தெரிந்தது. வெள்ளிக்கிழமை மாடிப்படியில் அவர் காலடிச் சத்தம் தெரிந்தது. வலி இருந்தது. ஆனால் அதன் ஓரங்கள் மங்கலாக இல்லை.

"கஷ்டமா இருக்கும்" என்றாள். "ஆனா சரியா இருக்கு."

பஸ்ஸில் சன்னலோர இடம் யாருக்கு என்று முதல் சண்டை வந்தது. இருவருக்குமே சன்னலோரம்தான் பிடிக்கும் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். வண்டி ஊரை விட்டு மேட்டில் ஏறியது, மரங்களுக்கு நடுவே ஆறு விட்டு விட்டு மின்னிக்கொண்டு கூடவே வந்தது. அவர் விரல்விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அங்கே ஒரு அடுப்பு வேண்டும், ஒரு போர்வை, ஒரு வாளி.

"அப்புறம் அந்த அடிகனமான பாத்திரம் எனக்கு வேணும்."

"எது? மூடி வச்சதா? அதைத் தர முடியாது."

"தனியா இருக்கறவனுக்கு அடிபிடிக்காத பாத்திரம் வேண்டாமா?"

"தனியா இருக்கறவளுக்கும்தான் வேணும். எனக்கு அது பிடிக்கும்."

"எனக்கும் பிடிக்கும்."

"அதுக்கு?"

"அதுக்கு எனக்கு வேணும்."

"முடியாதுங்க."

முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். இருவரும் அவரைக் கவனிக்கவில்லை. கணவர் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தார். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவருடைய நிழலுருவம் ஆற்றின் மேல் மிதந்துகொண்டு வந்தது. அது விட்டுக்கொடுக்கிற முகமாக இல்லை. அவளும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வண்டி ஒரு வளைவில் சாய்ந்தபோது அவர் தோள் அவள் தோளில் வந்து இடித்தது, நிமிர்ந்த பிறகும் அங்கேயே இருந்தது.

"மூடியாவது கொடு" என்றார்.